வாசகர் கேள்வி – பதில்: தரையில் தொடங்கிச் சுவருக்கு வாருங்கள்

கேள்வி: சுமார் 1,100 சதுர அடியில் புது வீடு கட்டி வருகிறோம். பூச்சு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. ஹாலுக்குப் பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் போட வேண்டும் என்கிறார் என் கணவர். கிரானைட்தான் காலத்துக்கும் நிற்கும் என்கிறார் மேஸ்திரி. எனக்கோ ஆத்தங்குடி கல் மீது ஆசை. எழுபது வயதைக் கடந்த மாமனாரும் மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: மாமனார், மாமியார் பற்றி நீங்கள் எழுதியுள்ள வரியிலிருந்துதான் முடிவைத் தொடங்க வேண்டும். முதியவர்கள் புழங்கும் வீட்டில் தரையின் அழகையும் ஆயுளையும் பார்ப்பதற்கு முன், ஈரம் பட்டால் அது வழுக்குமா என்பதைப் பார்க்க வேண்டும். மெருகேற்றிய விட்ரிஃபைடு டைல்ஸ் உலர்ந்திருக்கும்போது நல்ல தரைதான். அது நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும் என்பதால் கறை எளிதில் இறங்காது, துடைப்பதும் சுலபம். ஆனால் அந்த உறிஞ்சாத தன்மையால்தான், துடைத்த ஈரமும் டம்ளரிலிருந்து சிந்திய தண்ணீரும் மேலேயே மெல்லிய படலமாக நின்றுவிடுகின்றன. ஜன்னல் வெளிச்சம் அந்தப் பளபளப்பில் பட்டுக் கூசும்போது, கண்புரை உள்ளவர்களுக்குத் தரையில் தண்ணீர் கிடப்பதே தெரியாது.

ஆகவே விட்ரிஃபைடுதான் என்று முடிவானால், அதில் பளபளப்பில்லாத மேட் வகையைக் கேளுங்கள். மேட் வகையில் அழுக்கு பிடிக்கும் என்று சொல்வார்கள். வெளிமுற்றத்துக்கு உரிய சொரசொரப்பான வகைக்குத்தான் அது பொருந்தும். உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் லேசான பிடிப்பு தெரிகிற வகை ஹாலுக்குப் போதும், அதில் அழுக்கும் தங்காது. சில நிறுவனங்கள் வழுக்காத தன்மைக்கு ஆர்9 முதல் ஆர்13 வரை குறியீடு தருகின்றன. எண் கூடக் கூடப் பிடிப்பு அதிகம். ஹாலுக்கு ஆர்10, குளியலறைக்கு ஆர்11 என்று கேட்டுப் பாருங்கள். கடையிலேயே இரண்டு டைல்களை முகத்தோடு முகம் சேர்த்து வைத்து, விளிம்பில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது அவசியம். நடுவிலோ ஓரத்திலோ இடைவெளி தெரிந்தால் டைல் வளைந்திருக்கிறது என்று பொருள்; அதை எவ்வளவு திறமையான கொத்தனார் பதித்தாலும் மூலைகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கித்தான் நிற்கும். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று சரிபார்த்து வாங்குங்கள். தேவையைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி, மிஞ்சும் பெட்டியைப் பரணில் பத்திரப்படுத்துங்கள். சில ஆண்டுகள் கழித்து ஒரு டைல் உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

கிரானைட் பற்றி மேஸ்திரி சொல்வது உண்மை. புளியும் எலுமிச்சையும் மார்பிளை அரிப்பதுபோல் கிரானைட்டை அரிப்பதில்லை. ஆனால் மெருகேற்றிய கிரானைட் ஈரத்தில் விட்ரிஃபைடைப் போலவே வழுக்கும். அதைச் சமையல் மேடைக்கு வைத்துக்கொள்ளலாம். மாடிப்படிக்கும் போடலாம், ஆனால் படியின் முன்விளிம்பில் இரண்டு மூன்று கோடுகள் வெட்டி, கால் பிடிமானம் கிடைக்கும்படி செய்த பிறகே பதிக்க வேண்டும்.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். ஆத்தங்குடி கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதன் கண்ணறைகளில் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றுவார்கள். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்து, உலரவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். இறுகிய கல்லிலிருந்து கண்ணாடி கழன்று வரும்போது கிடைக்கிற வழவழப்புதான் அதன் முகம். வெயில் காலத்தில் அந்தத் தரையில் வெறுங்காலோடு நடக்கும் சுகத்துக்காகவே அதைப் பரிந்துரைப்பவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் மூன்றை மனத்தில் வையுங்கள். அது சிமெண்ட் என்பதால் எண்ணெயையும் மஞ்சளையும் ஓரளவு உறிஞ்சும். எனவே சமையலறைக்கு வேண்டாம். ஆசிட் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கமுள்ள ஆட்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புதுத் தரை மங்கலாகத்தான் இருக்கும், துடைக்கத் துடைக்கத்தான் மெருகு ஏறும். அந்த மெருகு சீக்கிரம் வரத் துடைக்கும் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம் என்றாலும், உங்கள் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். எண்ணெய்ப் பூச்சு முதியவர்களின் காலுக்கு ஆபத்து.

என் யோசனை இது: ஹாலுக்கும் முன்வாசல் அறைக்கும் ஆத்தங்குடி, சமையலறைக்கும் படுக்கையறைகளுக்கும் மேட் விட்ரிஃபைடு. குளியலறைக்கு ஓரடிக்கு ஓரடி ஆன்டி-ஸ்கிட் டைல்ஸ் போடுங்கள். பெரிய டைல்களில் தண்ணீர் வடிவதற்கான வாட்டம் சரியாக அமையாது. இரண்டு வகைத் தரை சந்திக்கும் வாசற்படிகளில் அரை அங்குலம்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல் அடிமட்டத்தை இப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். ஆத்தங்குடி கல் சுமார் முக்கால் அங்குலக் கனம் இருக்கும், டைல்ஸ் அதைவிட மெல்லியது. இந்த வித்தியாசத்தை மேஸ்திரி முன்பே அறிந்திருக்க வேண்டும். சுவர் நிறத்தைத் தரை பதித்த பிறகு முடிவு செய்யுங்கள். தரையைப் பெயர்ப்பது பெரிய செலவு, சுவர் நிறத்தைச் சில நாட்களில் மாற்றிவிடலாம்.

கேள்வி: தாத்தா கட்டிய வீட்டில் சிவப்பு ஆக்சைடு தரை இருக்கிறது. அங்கங்கே விரிசலும் கறையும் உள்ளன. அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம், உடைக்க வேண்டியதில்லை என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பல்லாண்டுகளாகத் துடைத்து மெருகேறிய சிவப்புத் தரை எண்ணெயையும் மெழுகையும் குடித்திருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் எளிதில் பிடிக்காது. பிடிக்க வேண்டுமானால் தரை முழுவதையும் கொத்திவிட வேண்டும். அப்படிச் செய்தால் 'உடைக்க வேண்டியதில்லை' என்ற வாதமே அடிபட்டுப் போகிறது. பசையும் டைலும் சேர்ந்து முக்கால் அங்குலம் வரை தரை உயரும், கலவை போட்டுப் பதித்தால் அதற்கும் மேல். அப்போது தேக்கிலோ வேங்கையிலோ செய்த உங்கள் பழைய கதவுகளின் அடியை அறுக்க வேண்டிவரும். இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. தரை உயர்ந்தால் மாடிப்படியின் முதல் படி மட்டும் மற்ற படிகளைவிடக் குட்டையாகிவிடும். கால் எப்போதும் ஒரே உயரத்தை எதிர்பார்த்துத்தான் இறங்குகிறது. அந்த ஓர் அங்குல வித்தியாசம், இருட்டில் இறங்குபவரைத் தடுமாறச் செய்யப் போதும்.

இருக்கும் தரையைச் செப்பனிடுவது கடினமல்ல. முதலில் ஒரு நாணயத்தால் தரையை அடி அடியாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்கும் இடங்கள் நலமாக உள்ளன. பொத்தென்று கேட்கும் இடங்களில் மேற்பூச்சு அடித்தளத்தை விட்டுக் கழன்றிருக்கிறது. அந்த இடங்களை மட்டும் நேர்கோட்டில் சதுரமாக வெட்டியெடுத்து, சிமெண்டும் சிவப்பு ஆக்சைடும் கலந்து மறுபடி பூச வேண்டும். பழைய நிறத்தோடு ஒத்துப்போகும் விகிதத்தைக் கண்டுபிடிக்க, ஓட்டுத் துண்டுகளில் நான்கைந்து மாதிரிகள் பூசி நன்றாக உலரவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் உலர்ந்ததும் வெளுத்துவிடும். நிறம் முழுக்கப் பொருந்தவில்லை என்றால் மறைக்க முயல வேண்டாம். வெட்டிய சதுரத்தைச் சுற்றி இரண்டு அங்குலக் கறுப்புக் கரை விட்டுப் பூசினால், அது திட்டமிட்டுச் செய்த வேலையாகவே தெரியும். மயிரிழை விரிசல்களை அப்படியே விட்டுவிடலாம், அவற்றால் கெடுதல் இல்லை. மெஷின் பாலிஷ் போடலாம் என்று யாராவது சொன்னால், வண்ணப் பூச்சு எவ்வளவு கனம் என்பதை முதலில் வெட்டிய இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய பூச்சை மெஷினில் தேய்த்தால் அடியிலுள்ள சாம்பல் நிறம் வெளிவந்துவிடும்.

வீட்டின் வயதை எண்ணி இன்னொன்றும் சொல்கிறேன். கதவு, ஜன்னல்களில் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் அதை உலர்வாகச் சுரண்டவோ தேய்க்கவோ விடாதீர்கள். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும் நாட்களில் குழந்தைகளை அந்த அறைகளில் விடாதீர்கள்.

கேள்வி: மேற்குப் பார்த்த எங்கள் ஹாலுக்கு, பெயிண்ட் கடை அட்டையைப் பார்த்து இளமஞ்சள் தேர்ந்தெடுத்தோம். அடித்து முடித்ததும் கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருக்கிறது. அட்டையில் பார்த்த நிறமே இல்லை. கடைக்காரர் தவறான டப்பாவைக் கொடுத்துவிட்டாரா?
— வாசகி, ஈரோடு

பதில்: டப்பாவில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு அங்குல அட்டையில் பார்க்கும் நிறம் நான்கு சுவர்களில் பரவும்போது அழுத்தமாகத் தெரிவது இயல்பு. ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் அந்த நிறத்தைச் சுமந்துகொண்டு எதிர்ச்சுவரில் படுகிறது. அங்கிருந்து திரும்பி வரும்போது நிறம் மேலும் கூடுகிறது. உங்கள் ஹாலில் மாலை வெயில் வேறு நேராக உள்ளே விழுகிறது. அந்த வெயிலே மஞ்சளும் செம்மையும் கலந்தது என்பதால், மேற்கு அறைகளில் மஞ்சள், ஆரஞ்சு, பீச் போன்ற நிறங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கொதிப்பதுபோல் தெரியும். அந்த அறைகளுக்குச் சாம்பல் கலந்த வெள்ளை, மங்கிய பச்சை, வெளிறிய நீலம் ஆகியவை இதமாக இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த இளமஞ்சள், நேர்வெயில் படாத வடக்குப் பார்த்த அறைக்கு அழகாகப் பொருந்தும். மிச்சம் இருந்தால் வீணாக்காமல் அங்கே பயன்படுத்துங்கள்.

அடுத்த நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அட்டையை நம்பாதீர்கள். சிறிய மாதிரி டப்பா ஒன்றை வாங்கி, பிரைமர் பூசிய இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் இரண்டு கோட்டிங் அடியுங்கள். நேராகச் சுவரிலேயே அடித்தால் பக்கத்திலுள்ள பழைய நிறம் கண்ணைக் குழப்பும். பலகையைச் சுவரோடு சாய்த்து வைத்து, காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இரவில் விளக்கொளியிலும் பாருங்கள். உங்கள் எல்இடி விளக்கு 3000 கெல்வினா 6500 கெல்வினா என்பதைப் பொறுத்து ஒரே நிறம் இரு வேறு நிறங்களாகத் தெரியும். 3000 மஞ்சள் சாயலும் 6500 நீலச் சாயலும் தரும். பலகையின் அடிப்பகுதி தரையைத் தொட்டபடி இருக்கட்டும், ஏனென்றால் தரைக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிடித்த நிறத்தை உறுதி செய்த பிறகும், அதே வரிசையில் ஒரு படி இளம் நிறத்தையே வாங்குங்கள்.

மேற்பரப்பின் பளபளப்பையும் யோசிக்க வேண்டும். மேட் பூச்சு சுவரின் மேடுபள்ளங்களை மறைக்கும், ஆனால் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் அடையாளம் விழும். லேசாகப் பளபளக்கும் சாட்டின் பூச்சைத் துடைக்கலாம், ஆனால் பூச்சுவேலைக் குறைகள் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும். நடைபாதைச் சுவர்களுக்கும் சிறு குழந்தைகள் கை வைக்கும் இடங்களுக்கும் சாட்டின், மற்ற இடங்களுக்கு மேட் என்று பிரித்துக்கொள்ளலாம். கூரையின் உட்புறம் வெள்ளையாகவே இருக்கட்டும். வீட்டின் வெளிப்புற மேற்குச் சுவருக்கு அடர்ந்த நிறம் அடித்தால் அது வெயிலை உறிஞ்சி இரவிலும் சூட்டை உள்ளே தள்ளும் என்பதால், அங்கேயும் வெளிறிய நிறமே ஏற்றது.

கேள்வி: பத்துக்குப் பன்னிரண்டடி ஹால். எல் வடிவ ரெக்ஸின் சோபா வாங்க நினைக்கிறோம். இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். விருந்தினர் அடிக்கடி வருவார்கள். உங்கள் கருத்து என்ன?
— வாசகர், மதுரை

பதில்: கடைக்குப் போவதற்கு முன், பழைய செய்தித்தாள்களைச் சோபாவின் அளவுக்குத் தரையில் விரித்து ஒட்டி, ஒரு நாள் முழுவதும் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். சோபாவின் ஆழம் மூன்றடி வரை வரும். எல் வடிவத்தில் அது இரண்டு சுவர்களை அடைத்துவிட்டால், பத்தடி அகல அறையில் டிவி ஸ்டாண்டு போக நடப்பதற்கும் பிள்ளைகள் விளையாடுவதற்கும் என்ன மிஞ்சுகிறது என்பது உங்களுக்கே புரியும். நடக்கும் வழிக்கு இரண்டரை அடியாவது விட வேண்டும்.

ரெக்ஸின் துடைக்கச் சுலபம் என்பதுதான் அதன் ஒரே வசதி. நம் ஊர் வெப்பத்திலும் புழுக்கத்திலும் அதன் மேல்தோல் சில ஆண்டுகளில் வெடித்துச் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். உதிர்ந்தால் ஒட்டுப்போட வழியில்லை. கோடையில் வெற்றுக்கையும் காலும் அதில் ஒட்டிக்கொள்வதை எல்லோரும் அறிவோம். மரச்சட்டச் சோபாவில் தனித்தனி மெத்தைகளும் ஜிப் வைத்துக் கழற்றும் துணி உறைகளும் உள்ளதையே நான் சிபாரிசு செய்வேன். உறையில் பால் சிந்தினால் கழற்றித் துவைக்கலாம், ஐந்தாண்டு கழித்து நிறம் சலித்தால் உறையை மட்டும் மாற்றலாம். கரூரிலும் சென்னிமலையிலும் நெய்யப்படும் கனமான பருத்தித் துணி இதற்கு மிகவும் ஏற்றது. துணியை வாங்கியதும் ஒருமுறை நனைத்துச் சுருங்கவிட்ட பிறகே தைக்கக் கொடுங்கள். மெத்தைக்கு 40 டென்சிட்டி ஃபோம் கேளுங்கள், அதைவிடக் குறைந்தால் சீக்கிரம் குழி விழும். உட்காரும் உயரம் 17, 18 அங்குலம் இருந்தால் பெரியவர்கள் எழுந்திருக்கச் சிரமப்பட மாட்டார்கள். கால்கள் தரையிலிருந்து ஆறு அங்குல உயரமாவது இருக்கட்டும், துடைப்பம் அடியில் நுழைய வேண்டும்.

விருந்தினர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மூவர் உட்காரும் சோபா ஒன்று, இலகுவாக நகர்த்தக்கூடிய பிரம்பு நாற்காலிகள் இரண்டு, சுருட்டி அலமாரியில் வைக்கும் பவானி ஜமக்காளம் ஒன்று. பத்துப் பேர் வந்தாலும் இவை போதும், அவர்கள் போன பிறகு ஹால் மறுபடி பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

கேள்வி: தரைத்தளக் குடியிருப்பு எங்களுடையது. ஹால் சுவரின் கீழ்ப்பகுதியில் பெயிண்ட் உப்பி உதிர்கிறது. அந்தப் பகுதியைப் பிளைவுட் பேனல் அடித்தோ வால்பேப்பர் ஒட்டியோ மறைத்துவிடலாமா?
— வாசகி, சென்னை

பதில்: தயவுசெய்து மறைக்காதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும் சுவரை மூடினால் பூஞ்சையும், பிளைவுட் என்றால் கறையானும் கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை, நான்கு விளிம்புகளிலும் டேப் ஒட்டிச் சுவரில் பொருத்தி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா, குழாய் செல்கிறதா என்று பிளம்பரை வைத்துச் சோதியுங்கள். அங்கே எதுவும் இல்லாமல், தரையிலிருந்து மூன்றடி வரை சீராக ஈரம் ஏறியிருந்தால் அது நிலத்தடி ஈரம். கசிவை நிறுத்திய பிறகு, ஈரக்கோட்டுக்கு மேலே ஓரடி வரை பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, செங்கல் நன்றாக உலர்ந்ததும் நீர்த்தடுப்புக் கலவையோடு மறுபூச்சு செய்ய வேண்டும். நிலத்தடி ஈரம் என்றால் அதற்கு முன் சுவரின் அடியில் துளையிட்டு நீர்த்தடுப்பு மருந்து செலுத்தும் வேலையும் தேவைப்படும். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் தட்டி அகற்றுங்கள், தண்ணீர் பட்டால் அது மறுபடி சுவருக்குள் இறங்கிவிடும்.

சுவர் சரியாகும் வரை பீரோவையும் சோபாவையும் மூன்று அங்குலம் தள்ளியே வையுங்கள்.

கேள்வி: சமையலறைத் தொட்டிக்குக் கீழே அலமாரி அடிக்க எந்தப் பிளைவுட் நல்லது?
— வாசகர், திருச்சி

பதில்: அந்த ஓரிடத்தில் பிளைவுட் வேண்டாம். குழாய் இணைப்பு என்றாவது ஒருநாள் கசியும். கடப்பா கல் தட்டு வைத்து, அலுமினியச் சட்டக் கதவு போட்டுவிடுங்கள். மற்ற அலமாரிகளுக்கு, ஈரம் தாங்கும் மரைன் வகையைக் குறிக்கும் ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிளைவுட்டைக் கேளுங்கள். பில்லில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. பலகையின் மீதே ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அறுத்த விளிம்புகள் அனைத்திலும், சுவரோடு ஒட்டி மறையும் பின்பக்க விளிம்பிலும்கூட, பட்டை ஒட்டச் சொல்லுங்கள். ஈரம் முதலில் நுழைவது அந்த வெட்டு முனைகளில்தான்.